கதையும் வரலாறும்: சயாம் ரயில் நூல்களைப் படிக்கும் முறை

நூல் படிப்போர் பெரும்பாலும் இரு கட்சியினர். கதை படிப்போர் ஒரு கட்சி; வரலாறும் கட்டுரையும் படிப்போர் மற்றொரு கட்சி. முன்னவர் பின்னவரை, சாரமற்ற செய்திகளைச் சேர்த்து வைப்போர் என்பர். பின்னவர் முன்னவரை, பொய்யிலே பொழுது போக்குவோர் என்பர். நூல்நிலையத்துள் நுழைந்தால் இவர்கள் வெவ்வேறு அலமாரிகளின் முன் நிற்பதைக் காணலாம். ஒருவருடைய அலமாரியை மற்றவர் திரும்பிப் பார்ப்பது அரிது.

இப்பிரிவினையால் வரும் நட்டம் பல பொருள்களில் சிறிதாகவே இருக்கும். ஆனால், ஒரே அலமாரியில் மட்டும் தேடியவர் தவறாகவே அறிந்துகொள்ளும் பொருள்களும் சில உண்டு. மலாயாத் தமிழரைப் பொறுத்தவரை அத்தகைய பொருள்களுள் தலையாயது சயாம் மரண ரயில் பாதை. அதைப் பற்றி எழுந்துள்ள நூல்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், கதை எங்கே உதவும், வரலாறு எங்கே உதவும், இரண்டும் எங்கே ஏமாற்றும் என்பது தெளிவாகும்.

பாதையும் அதன் விலையும்

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு உணவும் படைக்கலமும் கடல்வழியே செல்ல வேண்டியிருந்தது. நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் அவ்வழி ஆபத்தாயிற்று. ஆகவே சயாமின் பான் போங் நகரையடுத்த நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, மலையும் காடும் ஊடுருவி ஒரு ரயில் பாதை போட முடிவு செய்தனர். 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. இக்குறுகிய காலத்துக்குள் அதை முடித்ததன் விலை மனித உயிர்.

போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். பிரிட்டிஷார், டச்சுக்காரர், ஆஸ்திரேலியர் ஆகியோரோடு அமெரிக்கர் சிலரும் அவர்களுள் இருந்தனர். ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சம் அளவினர் எனக் கணக்கிடுவர். பர்மியர், மலாய்க்காரர், சாவகத்தார், சீனர் ஆகியோருடன் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழரும் இதில் அடங்குவர். மலாயாவிலிருந்து மட்டும் சென்றவர்கள் 75 ஆயிரத்துக்கு மேல் என்பது பலரும் கூறும் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 70 ஆயிரம் என்பாரும் உளர். 90 ஆயிரத்துக்கும் மேல் என்பாரும் உளர்.

இவ்விரு கணக்குகளுக்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. கைதிகளின் சாவு பெயரோடும் படை எண்ணோடும் எழுதப்பட்ட கணக்கு. தொழிலாளரின் சாவோ ஆயிரங்களில் ஊகிக்கப்படும் கணக்கு. போர் முடிந்ததும் 1945ஆம் ஆண்டிலேயே நேச நாட்டுக் குழுவொன்று பாதை நெடுகச் சென்று, கைதிகள் புதைக்கப்பட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழிகளைத் தேடிக் கண்டது. இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தொழிலாளரின் குழிகளை அவ்வாறு தேடிச் சென்றோர் இலர். 1990ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளருடையவை என்றே கருதப்பட்டன. அவர்களுள் ஒருவருடைய பெயரும் எவருக்கும் தெரியவில்லை.

நூல்களின் நிலையும் கல்லறைகளின் நிலையை ஒத்ததே.

பாலமும் ஆறும்

இப்பாதையை உலகம் அறியச் செய்தது ஒரு நாவல். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்பதே அது. 1957இல் டேவிட் லீன் அதைத் திரைப்படமாக்கினார். இலங்கையில் கித்துல்கல என்னுமிடத்தில், களனி ஆற்றின்மீது பாலம் கட்டிப் படம் பிடித்தனர். படம் ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அன்று முதல் இப்பாதை என்றதும் உலகத்தார் நினைப்பது ஒரு பாலத்தையும், கடமையே கண்ணாகி அறிவு மயங்கிய ஓர் ஆங்கிலக் கர்னலையுமே.

கதை என்ற அளவில் பூலின் நாவல் திறமானது. ஒழுங்கும் கடமையும் வெறியாகும்போது மனிதன் தன் பகைவனுக்கே தொண்டனாகிவிடுவதை அது கூர்மையாகக் காட்டுகிறது. ஆனால் அதை வரலாறாகக் கொள்வோர் ஏமாறுவர். பூல் அப்பாதையில் கைதியாக இருந்தவர் அல்லர். இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்களால் சிறையிடப்பட்டவர். கதையில் நேச நாட்டு வீரர் சிலர் மறைந்து வந்து பாலத்துக்கு வெடி வைக்கின்றனர். அவ்வாறு எதுவும் நிகழவில்லை. உண்மையான பாலம் 1945இல் விமானத் தாக்குதலால் உடைந்தது. அப்பாலம் நின்ற ஆற்றுக்கும் குவாய் என்று பெயரில்லை. அது மே குலோங் ஆறு. கதையையும் படத்தையும் நம்பி வந்த பயணிகள் குவாய் ஆற்றைத் தேடவே, 1960இல் அப்பகுதி ஆற்றுக்குக் குவாய் யாய் என்று பெயர் மாற்றப்பட்டது. ஒரு நாவல் ஓர் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டது என்றால், கதையின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பூலைப் பற்றி இன்னொரு செய்தியையும் மலாயா வாசகர் அறிதல் வேண்டும். அவர் போருக்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்ட வாழ்வை வைத்து 1951இல் வேறொரு நாவலும் எழுதியவர். பால்மரத்தையும் அதைச் சீவிய தமிழரையும் அவர் நாள்தோறும் கண்டிருப்பார். அவருடைய பாலக் கதையில் அத்தமிழனுக்குப் பங்கில்லை. பூல் எடுத்துக்கொண்ட கருத்துக்கு அவன் தேவைப்படவில்லை. நாவலாசிரியர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது குற்றமாகாது. எடுத்துக்கொள்ளப்படாதது இல்லவே இல்லை என்று வாசகர் எண்ணிவிடுவதுதான் குற்றம்.

நாட்குறிப்பும் நினைவும்

கதை சொன்னதைத் திருத்த வந்த நூல்கள் ஆங்கிலத்தில் பல. கதைக் கர்னலின் இடத்தில் மெய்யாகவே இருந்தவர் பிலிப் டூசி என்ற பிரிட்டிஷ் அதிகாரி. அவர் பகைவனுக்குத் துணை போனவர் அல்லர். தம் ஆட்களைக் காக்கப் போராடியவர். அவருடைய பேர்த்தி ஜூலி சம்மர்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு 2005இல் வெளிவந்தது. கதை ஒருவருடைய பெயருக்கு ஏற்படுத்திய இழுக்கை வரலாறு துடைத்த வகைக்கு அந்நூல் நல்ல எடுத்துக்காட்டு.

கைதிகளே எழுதியவற்றை இருவகையாகப் பிரிக்கலாம். அன்றன்று மறைத்து எழுதிய நாட்குறிப்பு ஒருவகை. ஆண்டுகள் பல கழிந்தபின் எழுதிய நினைவு நூல் மற்றொரு வகை. ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்டு டன்லப் எழுதியவை நாட்குறிப்புகள். அவை 1986இல் அச்சேறின. எரிக் லோமாக்ஸின் ‘தி ரயில்வே மேன்’ நினைவு நூல், 1995இல் வந்தது. ரகசியமாக வானொலி வைத்திருந்ததற்காக வதைக்கப்பட்ட லோமாக்ஸ், வதை நடந்தபோது உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் நகாசேயை 1993இல் காஞ்சனபுரியில் நேருக்கு நேர் கண்டார். பகைமை தணிந்த கதையை அவர் சொல்லும் முறை எந்த நாவலுக்கும் குறைந்ததன்று. நாட்குறிப்பில் அன்றைய பசி இருக்கும். அன்றைய நாளின் பொருள் இராது. நினைவு நூலில் பொருள் இருக்கும். பசியின் கூர்மை மழுங்கியிருக்கும். ஒன்றைப் படித்தவர் மற்றதையும் படித்தே தீர வேண்டும்.

இவ்வரிசையில் மலாயாத் தமிழர் முதலிற் கையில் எடுக்க வேண்டியது டாக்டர் ராபர்ட் ஹார்டியின் ரகசிய நாட்குறிப்பு. அது 1983இல் வெளிவந்தது. ஹார்டி போருக்கு முன் மலாயாவில் தோட்ட மருத்துவராக இருந்தவர். ஆகவே பாதையில் வந்து இறங்கிய தமிழரை அவர் கண் அடையாளம் கண்டுகொண்டது. அலோர்ஸ்டாரில் எளிய வேலை, நல்ல உணவு என்று சொல்லி ரயிலேற்றப்பட்டவர்கள், காவலோடு சயாம் வரை கொண்டுவரப்பட்டதை அவர் 1943ஆம் ஆண்டுப் பகுதியில் குறித்துள்ளார். அவர்களுடைய முகாம்களின் கேட்டையும் புதைப்பாரின்றிக் கிடந்த பிணங்களையும் குறித்துள்ளார். வெள்ளைக்காரக் கைதியின் நாட்குறிப்பில் சில பத்திகளே வரும் இச்செய்தி, தமிழருக்கு அந்நூல் முழுவதையும்விட விலைமதிப்புடையது.

ஏன் எழுதப்படவில்லை?

கைதிகளிடம் இத்தனை நூல்கள் தோன்ற, தொழிலாளரிடம் ஏன் தோன்றவில்லை? கல்வியின்மை என்று ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால் அது பாதி விடையே.

கைதிகள் ஒரு படையாக வந்தவர்கள். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தனர். மருந்து இல்லாவிடினும் மருத்துவர்கள் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று ஆணையிடவும், அவ்வாணைக்குக் கீழ்ப்படியவும் ஆட்கள் இருந்தனர். மாண்டவன் பெயரை எழுதி வைக்க ஓர் எழுத்தர் இருந்தார். தொழிலாளருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்ற பேச்சை நம்பிப் போனவர் சிலர். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கேட்டபோது அனுப்பப்பட்டவர் சிலர். இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கதவை அடைத்து ஏற்றிச் செல்லப்பட்டோரும் உண்டு என்னும் செய்திகள் பதிவாகியுள்ளன. குடும்பத்தோடு போனவரும் உண்டு. அங்கே இறங்கியபின், ஒரு முகாமில் இருந்தோர் ஒருவரையொருவர் அறியார், தலைவர் இல்லை, பலருக்குப் பொதுமொழியும் இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது அவர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில்தான் கைதிகளுள் மருத்துவம் தெரிந்தோரைக் கொண்ட இரு சிறு குழுக்கள் தொழிலாளரைப் பார்க்க அனுப்பப்பட்டன. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஆக, எந்த அமைப்பு இல்லாததால் அவர்கள் சாகநேர்ந்ததோ, அந்த அமைப்பு இல்லாததாலேயே அவர்கள் சாவு எழுதப்படாமலும் போயிற்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இதை உணராமல் நூல்களின் தொகையை மட்டும் பார்ப்பவர், கைதிகளின் துன்பமே பெரிது என்ற முடிவுக்கு வந்துவிடுவர்.

தமிழ் நாவல்கள் ஏற்ற சுமை

வரலாறு காலியாக விட்ட இடத்தில் தமிழில் கதை வந்து நின்றது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வெளிவந்தது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வெளிவந்தது. பூலின் நாவலுக்கும் இவற்றுக்கும் இடையே நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழிந்துள்ளன. போய் மீண்டவர்கள் தோட்டத்து லயங்களில் சொல்லிய சொல், அச்சுக்கு வர அத்தனை காலம் பிடித்தது.

இந்நாவல்களின் முதற் சிறப்பு, கதையின் நடுவில் தமிழ்த் தொழிலாளியை நிறுத்தியதே. ஆங்கில நூல்களில் அவன் பாதையோரத்தில் காணப்படும் ஒரு கூட்டம். இங்கே அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, உறவு இருக்கிறது, அஞ்சவும் ஆசைப்படவும் ஒரு மனம் இருக்கிறது. எழுபதாயிரம், தொண்ணூறாயிரம் என்னும் எண்கள் செய்ய முடியாத வேலை இது. எண்ணுக்கு யாரும் அழுவதில்லை.

ஆயினும் இவற்றைப் படிப்போர் இரு தவறுகளுக்கு இடம் தரலாகாது. ஆவணம் இல்லாத குறையால் நாவலையே ஆவணமாகக் கொள்வது முதல் தவறு. நாவலில் வரும் நாள், தொகை, நிகழ்ச்சி வரிசை ஆகியவற்றை அப்படியே எடுத்து மேடையில் பேசுவோர், பாலத்துக்கு வெடி வைத்த கதையை நம்பியோரைப் போன்றவரே. பொருள் புனிதமானது என்பதற்காக நூலைத் திறனாயாமல் விடுவது இரண்டாவது தவறு. துன்பம் பெரிதாயிருந்தால் மட்டும் நாவல் பெரிதாகிவிடாது. மாந்தர் உயிரோடு நடமாடுகின்றனரா, அல்லது துன்பங்களை அடுக்கிச் சொல்லும் கருவிகளாக நிற்கின்றனரா? தீயவர் எல்லாரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவரா? தம்மவரே தம்மவரை ஏற்றி அனுப்பிய இடங்களை ஆசிரியர் நேர்நின்று காட்டுகிறாரா, கண்ணை மூடிக் கடக்கிறாரா? இவ்வினாக்களை எந்த நாவலிடமும் கேட்பதுபோல் இவற்றிடமும் கேட்க வேண்டும். கேட்பது அவமதிப்பாகாது, இரக்கத்துக்காக மட்டும் பாராட்டுவதே அவமதிப்பு.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நூல்கள் இரண்டு உள. ஒன்று ஆஸ்திரேலியரான ரிச்சர்டு ஃபிளனகனின் நாவல். ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் பயணநூற் பெயரைத் தன் பெயராகக் கொண்டது. 2014இல் புக்கர் பரிசு பெற்றது. அவருடைய தந்தையார் அப்பாதையில் கைதியாக இருந்தவர். எனினும் அந்நாவல் கைதியின் உள்ளத்தோடு காவலனின் உள்ளத்தையும் திறந்து பார்க்கிறது. மற்றொன்று ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. அது 1972இல் வெளிவந்தது. ரயில் பாதையை விட்டு மேடானிலும் பினாங்கிலும் நடக்கும் போர்க்காலக் கதை அது. போரை ஒரு பாடமாக விரித்துரைக்காமல், கடைத்தெருப் பேச்சாகவும் இளைஞரின் அலைச்சலாகவும் காட்டும் திறன் அதில் உண்டு. சிங்காரம் போர்க்காலத்தில் அந்தப் பக்கத்திலேயே வாழ்ந்தவர். இவ்விரண்டையும் படித்தபின் மரண ரயில் நாவல்களை மீண்டும் எடுத்தால், அவற்றின் வலிமையும் குறையும் தாமே புலப்படும்.

பொறியாளரும் எண்களும்

பாதையைப் போட்ட தரப்பையும் படித்தல் வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் யோஷிஹிகோ புத்தாமத்சு எழுதிய நூல் மூன்று பகோடாக் கணவாய் வழியே பாதை சென்ற வரலாற்றைத் தொழில்முறையாக விவரிக்கிறது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அப்பாதையிலே கைதியாக இருந்த எஸ்கிரிட் என்பவர் என்பது வியப்புக்குரியது. பாலங்களும் சரிவுகளும் அந்நூலில் விளக்கமாக வரும். வேலை செய்தோர் வேலையின் ஒரு பகுதியாக வருவர். கொடியவர் ஒருவரும் இல்லாமலே கொடுமை எப்படி நடக்கும் என்பதை அறிய அதுவும் உதவும்.

ஆராய்ச்சி நூல்களுள் பால் கிரட்டோஸ்கா தொகுத்த ஆறு தொகுதி ஆவணத் திரட்டும், ஆசியத் தொழிலாளரைப் பற்றி ஜப்பானிய அறிஞர் மிச்சிகோ நகஹாரா செய்த ஆய்வுகளும் முதன்மையானவை. மலாயா இந்தியரின் குடியேற்றத்தைப் பற்றிக் கே. எஸ். சந்து 1969இல் வெளியிட்ட பெருநூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எண்களையும் படிக்கத் தெரிய வேண்டும். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவில் இந்தியர் ஆறு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். 1947இல் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இக்குறைவு முழுவதும் மரண ரயிலால் வந்தது என்று கூறுவோர் உண்டு. அது பிழை. முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது பெருந்தொகையினர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையைத் தடுத்தது. இவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். நம்ப வேண்டும் என்ற ஆசையால் எண்ணை வளைப்பவர், மாண்டோர்க்கு நன்மை செய்பவர் ஆகார். பிழையான ஓர் எண்ணைக் காட்டி உண்மையான நூறு சாவுகளையும் மறுக்க வருவோர் எங்கும் உண்டு.

தேர்ந்து படிக்கும் வழி

பலவகை நூல்களைப் படியுங்கள் என்று பொதுவாகச் சொல்வது, எல்லாக் காய்களையும் வாங்குங்கள் என்று சந்தைக்கு அனுப்புவதுபோல் ஆகும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதன்மேல் எழுந்த வேறுவேறு வகை நூல்களை ஒன்றையொன்று கேள்வி கேட்க வைப்பதே பயனுள்ள வழி. எந்த நூலைத் திறந்தாலும் இரண்டு வினாக்கள் போதும். இதை எழுதியவர் எந்த இடத்தில் நின்று கண்டார்? அந்த இடத்திலிருந்து எதை அவரால் காண இயலாது? இரண்டாம் வினாவின் விடைதான் அடுத்து எடுக்க வேண்டிய நூலைக் காட்டும். பூலிடம் தொழிலாளியைக் காணாதவர் ஹார்டியிடம் போவார். ஹார்டியிடம் அவன் பெயரைக் காணாதவர் சண்முகத்திடமும் ரெங்கசாமியிடமும் போவார். நாவலில் நாளும் தொகையும் ஐயமானால் கிரட்டோஸ்காவின் ஆவணங்களிடம் போவார். இவ்வாறு செல்பவர்க்குப் பரிந்துரைப் பட்டியல் தேவையில்லை.

தமிழ்ப்பள்ளி நூலகங்களிலும் படிப்பு வட்டங்களிலும் இம்முறையை எளிதில் நடத்தலாம். ஒரு மாதம் ஒரு நாவல், மறு மாதம் அதே பொருளில் ஒரு நாட்குறிப்பு அல்லது வரலாறு. ஆங்கில நூலைப் படித்தவர் தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு அதன் செய்தியை எடுத்துரைக்கலாம். தமிழ் நாவலைப் படித்த முதியவர், அதில் உள்ளதற்கும் தம் வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டதற்கும் உள்ள வேற்றுமையை எடுத்துரைக்கலாம். அவ்வாறு கேட்டதை நாள், ஊர், தோட்டத்தின் பெயர் ஆகியவற்றோடு எழுதி வைத்தல் இன்றியமையாதது. சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் இவ்வேலையை முறையாகச் செய்து காட்டியது. அதற்கு வேண்டிய கருவி ஒவ்வொரு வீட்டிலும் இன்று உள்ளது.

பாதை முடிந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. போய் மீண்டவர்கள் அநேகமாக மறைந்துவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் முதியோர் ஆகிவிட்டனர். தமிழில் இப்பொருளைப் பற்றி நாவல்கள் நிற்கின்றன. அவற்றுக்கு எதிர்நின்று சான்று கூற வேண்டிய குறிப்பு நூல்கள் மிகச் சில. கதை தன் பங்கைச் செய்துவிட்டது. மற்ற அலமாரியை நிரப்புவது இனிப் படிப்போர் கையிலும், படித்ததோடு நில்லாமல் கேட்டு எழுதுவோர் கையிலும் உள்ளது.